28 கோடிக்கு ரெண்டு பசங்க: காசி சார் போட்ட கணக்கு தப்பில்லை

உங்க கிளாஸ் வாட்ஸ்அப் குரூப்பை போன டிசம்பர் 16-ஆம் தேதி சாயங்காலத்துக்கு ஸ்க்ரோல் பண்ணிப் பாருங்க. அபுதாபியில் ஐபிஎல் ஏலம் நடந்த நாள். பிரசாந்த் வீர், அடிப்படை விலை 30 லட்சம், சிஎஸ்கே எடுத்தது 14.20 கோடிக்கு. "யார்றா இவன்?" என்று எல்லாரும் கூகிள் பண்ணி முடிக்கிறதுக்குள்ள கார்த்திக் சர்மா. அவருக்கும் அடிப்படை விலை 30 லட்சம், அவரும் அதே 14.20 கோடி. அதுக்கப்புறம் குரூப்பில் வந்த மீம்ஸ், வாய்ஸ் நோட் எதையும் இந்த இதழில் போட முடியாது. எடிட்டர் விடமாட்டார்.

எல்லா மீமுக்கும் அர்த்தம் ஒண்ணுதான். காசி சாருக்கு என்னவோ ஆயிடுச்சு. ஜடேஜாவை ராஜஸ்தானுக்குத் தூக்கிக் கொடுத்துட்டு, பேர் தெரியாத ரெண்டு பசங்களுக்கு 28 கோடியே 40 லட்சத்தைக் கொட்டிட்டார்.

நான் சொல்ல வந்தது இதுக்கு நேர் எதிர். சிஎஸ்கே சிஇஓ காசி விஸ்வநாதனும் கோச் ஸ்டீபன் ஃபிளெமிங்கும் சேர்ந்து செஞ்சிருக்கிறது, ரெண்டு மூணு வருஷம் முன்னாடியே செஞ்சிருக்க வேண்டிய வேலை. லேட்டாகச் செஞ்சதால் விலை ஏறிப்போச்சு. வேலை தப்பில்லை. எல்லாத்தையும் சரியா செஞ்சாங்கன்னும் சொல்ல மாட்டேன், கோபம் வர்ற இடங்கள் எனக்கும் இருக்கு. அதைக் கடைசியில் பேசலாம்.

முதலில் 2025-ஐ மறக்காம இருப்போம். நமக்கு மறதி ஜாஸ்தி. 14 ஆட்டம், 4 வெற்றி, பத்து டீமில் பத்தாவது இடம். 2008-லிருந்து சிஎஸ்கே கடைசி இடத்துக்குப் போனதே கிடையாது. சேப்பாக்கத்தில் மும்பையை ஜெயிச்சு ஆரம்பிச்சோம். அதுக்கப்புறம் அதே மைதானத்தில் வரிசையா அஞ்சு தோல்வி. 2008-க்குப் பிறகு ஆர்சிபி முதல் தடவையா நம்ம ஊரில் ஜெயிச்சது. 2010-க்குப் பிறகு டெல்லி ஜெயிச்சது. சன்ரைசர்ஸ் சேப்பாக்கத்தில் ஜெயிச்சதே இல்லை, அவங்களும் ஜெயிச்சாங்க. கொல்கத்தாவுக்கு எதிரா 20 ஓவரில் 103 ரன், 9 விக்கெட். அவங்க அதை 10.1 ஓவரில் அடிச்சு முடிச்சுட்டாங்க. ஆவடியிலிருந்து லோக்கல் ட்ரெயின் பிடிச்சு, சென்ட்ரலில் இறங்கி, பார்க் டவுனுக்கு நடந்து, பறக்கும் ரயில் ஏறி சேப்பாக்கம் போனவங்க, போன நேரம் அளவுக்குக்கூட ஆட்டம் பார்க்கலை. டிக்கெட் 1,700 ரூபாயிலிருந்து ஆரம்பம்.

"ஒரு சீசன் மோசமா போறது சகஜம், 2020-லயும் ஏழாவது வந்தோம், 2021-ல கப் அடிச்சோம். 2022-ல ஒன்பதாவது, 2023-ல கப். இப்பவும் அப்படியே விட்டிருந்தா திரும்பி வந்திருப்போம்" என்பது நிறைய பேரோட வாதம். பழைய ரசிகர்கள் எல்லாம் இதைத்தான் சொல்றாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கு.

அம்பத்தூர் எஸ்டேட்டில் இன்பிளான்ட் ட்ரெயினிங் போன மெக்கானிக்கல் மக்களுக்கு இதைச் சுலபமா சொல்லிடலாம். சிஎன்சி லேத்தில் கார்பைடு இன்சர்ட் போடுவாங்க இல்லையா? ஒரு முனை மழுங்கிச்சுன்னா உடனே தூக்கிப் போட மாட்டாங்க. ஸ்க்ரூவைக் கழட்டி, திருப்பி, அடுத்த முனையைப் போட்டு ஓட்டுவாங்க. அதுவும் போச்சுன்னா கவுத்துப் போடுவாங்க. எல்லா முனையும் தேஞ்ச பிறகும் "போன தடவை திருப்பினதும் சரியாச்சே"ன்னு திருப்பிக்கிட்டே இருந்தா ஜாப்தான் ரிஜெக்ட் ஆகும்.

சிஎஸ்கே 2021-க்கும் 2023-க்கும் செஞ்சது இன்சர்ட்டைத் திருப்பினது. 2023-ல் யாரும் பெருசா கண்டுக்காத ரஹானேவை 50 லட்சத்துக்கு எடுத்தாங்க, அவர் வாழ்க்கையிலேயே ஆடாத வேகத்தில் ஆடினார். அது ஒரு அற்புதம்தான். ஆனா அதை ஒரு திட்டம்னு நம்பிட்டாங்க. 2024 நவம்பரில் ஜெட்டாவில் நடந்த மெகா ஏலத்தில் திரிபாதி 3.40 கோடி, ஹூடா 1.70 கோடி, விஜய் சங்கர் 1.20 கோடி. மூணு பேரும் இன்னொரு ரஹானே ஆவாங்கன்னு நம்பி எடுத்த மாதிரிதான் எனக்குத் தெரியுது. 38 வயது அஸ்வினுக்கு 9.75 கோடி. அஸ்வின் நம்ம ஆளு, சந்தோஷம்தான். ஆனா அந்த சீசன் முடிஞ்ச கையோட ஆகஸ்டில் அவர் ஐபிஎல்லிலிருந்தே ஓய்வு பெற்றுவிட்டார்.

இதுக்கு நடுவில் விளையாட்டே மாறிப்போச்சு, அதைக் கவனிச்சீங்களா? 2018-ல் "டாடீஸ் ஆர்மி"ன்னு எல்லாரும் கிண்டல் பண்ணின டீம் கப் அடிச்சது. 36 வயசு வாட்சன் ஃபைனலில் 117 நாட் அவுட். அப்போ அது வேலை செஞ்சதுக்குக் காரணம் இருக்கு. 160, 170 ரன் ஆட்டங்களில் பதட்டப்படாம கடைசி ஓவர் வரைக்கும் இழுத்துட்டுப் போற ஆள் வேணும், அதுக்கு அனுபவம் வேணும். 2023-ல் இம்பாக்ட் பிளேயர் ரூல் வந்தது. ஒவ்வொரு டீமுக்கும் கூடுதலா ஒரு பேட்ஸ்மேன். விக்கெட் போகுமேங்கிற பயமே இல்லாம முதல் பந்திலிருந்து சுத்தலாம். 2024-ல் சன்ரைசர்ஸ் ஒரே இன்னிங்ஸில் 287 அடிச்சாங்க. போன வருஷம் 14 வயசு வைபவ் சூர்யவன்ஷி 35 பந்தில் சதம் அடிச்சான். அவன் சதத்தை டிவியில் பார்த்துட்டு, நம்ம டீம் ஆட்டத்துக்கு சேனல் மாத்தினா, வேற ஏதோ வருஷத்து ஹைலைட்ஸ் மாதிரி இருந்தது. ஆர்சிபி ஆட்டத்தில் தோனி ஒன்பதாவது ஆளா இறங்கினதைப் பார்த்தோமே, என்ன பண்றதுன்னு அந்த டீமுக்கே தெரியலைங்கிறதுக்கு அதைவிட சாட்சி வேண்டாம்.

ஏலத்தில் நாங்க சரியா செய்யலைன்னு ஃபிளெமிங்கே அந்த ஏப்ரலில் ஒத்துக்கிட்டார். நான் காசி சார் பக்கம் பேச ஆரம்பிக்கிறது இந்த இடத்திலிருந்துதான். சீசன் நடக்கும்போதே, பிளே ஆஃப் வாய்ப்பு கையை விட்டுப் போய்க்கிட்டு இருக்கும்போதே, வேலையை ஆரம்பிச்சுட்டாங்க. ருதுராஜுக்கு முழங்கையில் அடிபட்டு வெளியே போனதும், அவர் இடத்துக்கு அனுபவசாலி யாரையாவது கூப்பிட்டிருக்கலாம். 17 வயசு ஆயுஷ் மாத்ரேயைக் கூப்பிட்டாங்க, 30 லட்சத்துக்கு. குர்ஜப்னீத் சிங்குக்குக் காயம், அந்த இடத்துக்கு டெவால்ட் பிரெவிஸ், 2.20 கோடி. அப்புறம் உர்வில் படேல்.

மாத்ரே 7 ஆட்டத்தில் 240 ரன், ஸ்ட்ரைக் ரேட் கிட்டத்தட்ட 189. பெங்களூரில் ஆர்சிபிக்கு எதிரா 48 பந்தில் 94. பிரெவிஸ் 6 ஆட்டத்தில் 225 ரன், ஸ்ட்ரைக் ரேட் 180. கடைசி ஆட்டம் அகமதாபாத்தில், அப்போ டேபிளில் முதலிடத்தில் இருந்த குஜராத்துக்கு எதிரா 230 அடிச்சு 83 ரன் வித்தியாசத்தில் ஜெயிச்சோம். சீசன் முழுக்க எந்த டீமைப் பார்த்து "இதுங்க எப்பத்தான் அடிக்கும்"னு தலையில அடிச்சுக்கிட்டோமோ, அதே மஞ்சள் சட்டை.

"செத்துப்போன சீசனில் பிரஷர் இல்லை, யார் வேணா அடிப்பாங்க" என்று ஒருத்தர் சொல்வார், எல்லா குரூப்பிலும் ஒருத்தர் இருக்கார். அவருக்கு 2020-ஐ ஞாபகப்படுத்துங்க. இளைஞர்களிடம் ஸ்பார்க் தெரியலைங்கிற அர்த்தத்தில் தோனி பேசி, அது மீம் ஆன அதே வருஷம். பிளே ஆஃப் வாய்ப்பு போன பிறகுதான் ருதுராஜுக்குத் தொடர்ந்து இடம் கிடைச்சது. கடைசி மூணு ஆட்டத்தில் மூணு அரைசதம். அடுத்த வருஷம் 635 ரன், ஆரஞ்சு கேப், டீமுக்குக் கோப்பை. 2021-ல் அனுபவம்தான் ஜெயிச்சதுன்னு சொல்றவங்க, அந்த டீமில் அதிக ரன் அடிச்சது 24 வயசுப் பையன்ங்கிறதை வசதியா மறந்துடறாங்க. வித்தியாசம் என்னன்னா, 2020-ல் அது தற்செயலா நடந்தது. 2025-ல் தெரிஞ்சே செஞ்சிருக்காங்க.

சரி, ஜடேஜா. இது வலிக்கிற இடம், நிதானமா பேசுவோம்.

2023 ஃபைனல், மோகித் சர்மா, கடைசி ரெண்டு பந்து, சிக்ஸ், ஃபோர். அந்த ராத்திரி திருமுல்லைவாயலில் பட்டாசு வெடிச்ச சத்தத்தில் எங்க தெரு நாய்ங்க எல்லாம் ரெண்டு நாள் காணாம போச்சு. பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டில் விக்கிற மஞ்சள் ஜெர்சியில் 7-க்கு அடுத்தபடியா போனது 8-தான். அந்த 8-ஐ நவம்பர் 15-ஆம் தேதி ராஜஸ்தானுக்கு அனுப்பிட்டாங்க, கூடவே சாம் கரனையும். பதிலுக்கு சஞ்சு சாம்சன்.

உணர்ச்சியை ஓரமா வச்சுட்டுக் கணக்கு மட்டும் பாருங்க. நம்ம டீமில் ஜடேஜா சம்பளம் 18 கோடி, கரன் 2.40 கோடி. சாம்சன் 18 கோடி. அதாவது 20.40 கோடி போய் 18 கோடி வந்திருக்கு. போனவருக்கு 37 வயசு, வந்தவருக்கு 31. ஜடேஜா 2025-ல் 301 ரன், 10 விக்கெட். மோசம்னு சொல்ல முடியாது, 18 கோடிக்கு அது போதுமான்னு கேட்கலாம். ராஜஸ்தான் அவரை எடுத்துக்கிட்டதே 14 கோடிக்குத்தான். சாம்சன் டாப் ஆர்டரில் ஆடுவார், கீப்பிங் பண்ணுவார், அஞ்சு சீசன் கேப்டனா இருந்தவர். தோனிக்கு அப்புறம் கிளவுஸ் யார் கையில்ங்கிற கேள்வியை நாம ஆறு வருஷமா கேட்டுக்கிட்டு இருந்தோம். அதுக்கு ஒரு பதில் வந்திருக்கு. ஜடேஜா, கரன் ரெண்டு பேரோட சம்மதத்தோடதான் இது நடந்ததுன்னு சிஎஸ்கே அறிக்கையிலேயே இருந்தது. துரத்திவிட்டாங்கன்னு பேசறது ஜடேஜாவுக்கே மரியாதை இல்லை.

ஒரு வீரர் முழுசா தேய்ஞ்சு, ரசிகர்களே "போதும்பா"ன்னு சொல்ற வரைக்கும் வச்சிருந்து அனுப்பறதுதான் மரியாதைன்னு நம்மில் பலர் நினைக்கிறோம். நம்ம ஏரியா டென்னிஸ் பால் டீம் எல்லாத்திலும் ஒரு அண்ணன் இருப்பார். கிட் பேக் அவருது, அதனால ஓப்பனிங்கும் அவர்தான். மூணு டோர்னமென்ட்டா ரெண்டு இலக்கம் தொட்டிருக்க மாட்டார். எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்ல மாட்டாங்க. முதல் ரவுண்டில் தோத்துட்டு டீக்கடையில் பிட்ச்சைத் திட்டுவோம். ஜடேஜா அந்த அண்ணன் இல்லை, அவர் இன்னும் நல்லா ஆடறவர். அதனாலதான் அவருக்குப் பதிலா ஒரு சாம்சன் கிடைச்சார். இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சுப் போயிருந்தா நமக்கு என்ன கிடைச்சிருக்கும்?

இப்போ அந்த 14.20 கோடி.

வெளிநாட்டு லீக் பார்க்கறவங்களுக்கு ரீபில்ட் என்றால் ஒரு ஃபார்முலா தெரியும். டொரொன்டோ மேப்பிள் லீஃப்ஸ்னு ஒரு ஐஸ் ஹாக்கி டீம். ஸ்கார்பரோவில் சொந்தக்காரங்க இருந்தா கேட்டுப் பாருங்க, அவங்க வீட்டுப் பசங்க அந்த நீல ஜெர்சியைப் போட்டுக்கிட்டு நம்மளை மாதிரியே புலம்புவாங்க. 2014-ல் பிரெண்டன் ஷானஹனைத் தலைவரா போட்டு, பழைய ஆட்களைக் கழிச்சு, 2015-16-ல் லீக்கிலேயே கடைசி இடத்துக்கு வந்தாங்க. வட அமெரிக்க லீக்குகளில் கடைசியா வந்தா ஒரு லாபம் இருக்கு. டிராஃப்ட்டில், அதாவது புதுப் பசங்களைத் தேர்ந்தெடுக்கும்போது, முதல் இடம் கிடைக்கிற வாய்ப்பு அதிகம். அவங்களுக்குக் கிடைச்சது ஆஸ்டன் மாத்யூஸ். தோத்ததுக்குப் பரிசு ஒரு சூப்பர் ஸ்டார்.

ஐபிஎல்லில் அப்படி எதுவும் கிடையாது. பத்தாவது வந்தா பத்தாவதுதான். முதலிடத்தில் வந்தவனும் கடைசியில் வந்தவனும் ஒரே ஹாலில் உட்கார்ந்து ஒரே பையனுக்குக் கையைத் தூக்கணும். ஆக, இங்க புதுப் பசங்களை எடுக்கணும்னா ரெண்டே வழி. ஒண்ணு, யாரும் பார்க்கிறதுக்கு முன்னாடி கண்டுபிடிச்சு 20, 30 லட்சத்துக்கு எடுக்கறது. இல்லை, எல்லாரும் பார்த்த பிறகு பணத்தால எடுக்கறது. முதல் வழியை சிஎஸ்கே ரொம்ப வருஷமா சரியா செய்யலை. அதனால இப்போ ரெண்டாவது வழி.

இதுக்கு நம்ம ஊரிலேயே உதாரணம் இருக்கு. சாய் சுதர்சன். சென்னைப் பையன், 2021 டிஎன்பிஎல்லில் கோவை கிங்ஸுக்கு ஆடி எல்லார் கண்ணிலும் பட்டவன். 2022 ஏலத்தில் குஜராத் அவனை 20 லட்சத்துக்கு எடுத்தது. அதே ஏலத்தில் நாம ராயுடு, பிராவோ, உத்தப்பான்னு பழைய நண்பர்களைத் திரும்பக் கூட்டிட்டு வந்துக்கிட்டு இருந்தோம். 2025-ல் சாய் சுதர்சன் 759 ரன், ஆரஞ்சு கேப். நாம கடைசி இடம். 20 லட்சத்தில் கிடைச்சதை அன்னிக்கு எடுக்காம விட்டதோட வட்டியும் சேர்ந்துதான் இந்த 14.20 கோடி.

யாரை எடுத்திருக்காங்கன்னும் பாருங்க. பிரசாந்த் வீர், 20 வயசு, உத்தரப் பிரதேசம், இடது கை பேட்டிங், இடது கை ஸ்பின். எந்த நாற்காலி காலியாச்சு? ஜடேஜா நாற்காலி. கார்த்திக் சர்மா, 19 வயசு, ராஜஸ்தான், விக்கெட் கீப்பர், பெரிய சிக்ஸ் அடிக்கிற மிடில் ஆர்டர் ஆள். எந்த நாற்காலி காலியாகப் போகுது? பேர் சொல்லத் தேவையில்லை. ஏலத்துக்கு 43.40 கோடி எடுத்துட்டுப் போய், அதில் மூணில் ரெண்டு பங்கு கிட்ட இந்த ரெண்டு நாற்காலிக்குத்தான் செலவு பண்ணியிருக்காங்க. போதையில் கை தூக்கினவங்க பண்ற செலவு இல்லை இது.

அதுக்கு முன்னாடி, இந்தியாவுக்கு ஆடாத ஒரு வீரருக்கு ஏலத்தில் கிடைச்ச அதிகபட்சமே 10 கோடிதான், 2022-ல் ஆவேஷ் கானுக்கு. அதைவிட 4.20 கோடி கூட கொடுத்தது அதிகம்தான், மறுக்கலை. ஆனா தனித்தனியா பார்க்காதீங்க. மாத்ரே 30 லட்சம், உர்வில் 30 லட்சம், பிரெவிஸ் 2.20 கோடி, வீர், கார்த்திக் 28.40 கோடி. அஞ்சு பேருக்கும் சேர்த்து 31.20 கோடி. அதே ஏலத்தில் கொல்கத்தா கேமரன் கிரீன், பதிரானா ரெண்டு பேருக்கு மட்டும் 43.20 கோடி கொடுத்திருக்கு. அதை யாரும் மீம் போடலை, ஏன்னா அவங்க பேர் நமக்குத் தெரியும். நமக்குத் தெரிஞ்ச பேருக்குக் கொடுத்தா முதலீடு, தெரியாத பேருக்குக் கொடுத்தா பைத்தியம்.

இந்தக் காலேஜில் உட்கார்ந்துகிட்டு நாம அப்படிப் பேசறதுதான் எனக்குச் சிரிப்பு. ப்ளேஸ்மென்ட் செல் நோட்டீஸ் போர்டில் "ஃப்ரெஷர்ஸ் மட்டும், ரெண்டு வருஷ அனுபவம் விரும்பத்தக்கது"ன்னு ஒரு கம்பெனி போட்டா கேன்டீன் முழுக்கக் கெட்ட வார்த்தை. வேலையே கொடுக்காம அனுபவம் எங்கேர்ந்துடா வரும்னு கேட்கிறோம். அதே வாயால 19 வயசுப் பையனைப் பார்த்து "என்ன ஆடியிருக்கான்னு இவனுக்கு இவ்வளவு?"ன்னும் கேட்கிறோம்.

நியாயமான கேள்வி ஒண்ணு இருக்கு. அடுத்த மெகா ஏலம் 2027 சீசன் முடிஞ்சதும் வந்துடும். ரெண்டு சீசனுக்காக இவ்வளவா? போன மெகா ஏலத்து விதிப்படி, இந்தியாவுக்கு ஆடாத வீரரை 4 கோடிக்குத் தக்க வச்சுக்கலாம். தோனியையே அந்த விதியில்தானே வச்சிருக்கோம்! அதே மாதிரி விதி திரும்ப வந்தா லாபம். அதுக்குள்ள அந்தப் பசங்க இந்தியாவுக்கே ஆடிட்டா விலை கூடும்தான், ஆனா அப்போ அந்த 14.20-ஐப் பத்தி யாரும் பேசிக்கிட்டு இருக்க மாட்டாங்க.

இனி நான் கோபப்படற இடங்கள்.

பதிரானாவை விட்டது. 13 கோடி சம்பளம், காயம், போன சீசன் ஃபார்ம் சரியில்லை, எல்லாம் சரி. ஆனா 23 வயசுப் பையன், டெத் ஓவர் போடத் தெரிஞ்சவன். இளைஞர்களை வச்சு டீம் கட்டறோம்னு சொல்லிட்டு அவனை விட்டுட்டு, கொல்கத்தா 18 கோடிக்குத் தூக்கிட்டுப் போறதைப் பார்த்துக்கிட்டு இருந்தது எனக்குப் புரியலை. பேட்டிங்கைக் கட்டின அளவுக்கு வேகப்பந்தைக் கட்டலை. கலீல், கம்போஜ், எல்லிஸ், மேட் ஹென்ரி. கடைசி நாலு ஓவர் யார் போடுவாங்கன்னு இப்பவே வயித்தைக் கலக்குது.

அதைவிடப் பெரிசு, நம்ம பசங்க. அஸ்வின் ஓய்வு, விஜய் சங்கர் விடுவிப்பு, கூடவே ஆந்த்ரே சித்தார்த்தும் விடுவிப்பு. டீன் ஏஜ் பேட்ஸ்மேன், தமிழ்நாட்டுக்காரன், 30 லட்சம். ஒரு ஆட்டம்கூட இறக்காம அனுப்பிட்டாங்க. இப்போ டீமில் தமிழ்நாட்டுக்கு ஆடறவர் குர்ஜப்னீத் ஒருத்தர்தான். பேரில் மட்டும் சென்னைன்னு திட்டறவங்களுக்கு என்கிட்ட பதில் இல்லை. டீம் ஜெயிக்க எந்த ஊர்க்காரனா இருந்தாலும் சரி, ஆனா நம்ம ஊர் லீக்கைப் பார்க்க ஆள் அனுப்பலைன்னா அடுத்த சாய் சுதர்சனும் குஜராத்துக்குத்தான் போவான். ரீபில்ட் திட்டத்தில் இது ஓட்டை இல்லை, பள்ளம்.

மூணாவது தோனி. இதை எழுதினா காலேஜ் பஸ்ஸில் இடம் கிடைக்காது, இருந்தாலும். வர்ற ஜூலையில் 45 வயசு. சாம்சன் வந்தாச்சு, உர்வில் கீப்பர், கார்த்திக் கீப்பர். தோனி டக் அவுட்டில் உட்கார்ந்து கார்த்திக்கிட்ட பேசினா அந்த 14.20 கோடிக்குப் பாதி வசூல். கார்த்திக் டக் அவுட்டில் உட்கார்ந்து தோனியைப் பார்த்துக்கிட்டு இருந்தா முழு நஷ்டம். இதை முடிவு பண்ற தைரியம் காசி சாருக்கு இருக்கான்னு இன்னும் தெரியலை. ஜடேஜா விஷயத்தில் இருந்தது.

இதெல்லாம் சேர்ந்தும் கப் கியாரண்டியா? இல்லை. மேலே சொன்ன டொரொன்டோவையே எடுத்துக்கோங்க. ரீபில்ட் பண்ணி, மாத்யூஸ் வந்து, பத்து வருஷம் ஆகப்போகுது. 1967-க்கு அப்புறம் இன்னும் ஸ்டான்லி கோப்பையைத் தொடலை. ஆனா அதுக்கு முன்னாடி பதினோரு வருஷத்தில் ஒரே ஒரு தடவை பிளே ஆஃப் எட்டிப் பார்த்த டீம், 2017-லிருந்து 2025 வரைக்கும் ஒரு வருஷம்கூட விடாம உள்ளே போயிருக்கு. திட்டம் போட்டா கதவு வரைக்கும் போகலாம், அவ்வளவுதான்.

இளம் டீம் எப்படி இருக்கும்னு பார்க்க டொரொன்டோ வரைக்கும் போக வேண்டாம், எழும்பூரே போதும். ஏலத்துக்கு ஒரு வாரம் முன்னாடி மேயர் ராதாகிருஷ்ணன் ஸ்டேடியத்தில் ஜூனியர் ஹாக்கி உலகக் கோப்பை நடந்தது. ஸ்ரீஜேஷ் கோச். அரையிறுதியில் ஜெர்மனிகிட்ட 5-1-ன்னு தோத்தாங்க. பார்க்கவே முடியலை. மூணு நாள் கழிச்சு வெண்கலத்துக்கான ஆட்டம், அர்ஜென்டினா 2-0 முன்னிலை. கடைசி குவார்ட்டரில் நம்ம பசங்க நாலு கோல் போட்டாங்க. 4-2, பதக்கம். ஒரே டீம், ஒரே மைதானம், ஒரே வாரம். ஜெர்மனி ஆட்டத்தோட டிவியை ஆஃப் பண்ணினவங்க, பசங்களுக்கு ஒண்ணும் தெரியலைன்னு முடிவு கட்டியிருப்பாங்க.

மார்ச் கடைசியில் ஐபிஎல் ஆரம்பிச்சுடும். நமக்கு ஃபைனல் ரிவ்யூ, காசி சாருக்கு ரிசல்ட். மாத்ரே ஒரு நாள் முதல் பந்திலேயே அவுட் ஆவான். கார்த்திக் ஒரு ஈஸி கேட்சை விடுவான். நான் பார்க்கப்போறது அதை இல்லை. பிரசாந்த் வீர் ரெண்டு ஓவரில் 35 ரன் கொடுத்த ஆட்டத்துக்கு அடுத்த ஆட்டம் இருக்கே, அதில் அவன் பேர் லெவனில் இருக்கா, ருதுராஜ் அவன் கையில் பந்தைக் கொடுக்கிறாரா, அதைத்தான். கொடுக்காம, யாராவது ஒரு 35 வயசு ஆளைப் பாதி சீசனில் கூட்டிட்டு வந்தாங்கன்னா, அன்னிக்கு குரூப்பில் முதல் மீம் என்னுது.